பத்துக்கு மூணு போட்டவன் பேசுறேன்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதான் ஒரு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. தேடினவங்களுக்கு நன்றி, தேடாதவங்களுக்கு ரொம்ப நன்றி :-)

இன்னிக்கு ஒரு எக்ஸெல் ஷீட்டைப் பத்திப் பேசணும். காலேஜ் ரெண்டாவது வருஷம் ஹாஸ்டல்ல ஆரம்பிச்சது. ஆல்பம் பேரு, வந்த வருஷம், கேட்ட தேதி, பத்துக்கு எத்தனை. இவ்ளோதான் காலம். பென்டிரைவ்ல எவன் எதைக் கொண்டு வந்தாலும் கேக்குறது, மார்க் போடுறது. இப்போ அறுநூறு வரிக்கு மேல போயிடுச்சு. நம்ம ஊர்ல மார்க்குன்னா தனி மயக்கம்தானே? விகடன் 'பதினாறு வயதினிலே'வுக்கு 62.5 போட்டதை, படம் வந்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் டீக்கடையில சொல்லிக்காட்டுற ஜனம் நாம. நான் மட்டும் எப்படித் தப்பிப்பேன்.

அந்த ஷீட்டுல ஒரு வரி இருக்கு. நீல் யங், 'ட்ரான்ஸ்', 1982. பத்துக்கு 3. பக்கத்துல குறிப்பு: "குரலே கேக்கல. ரோபோ மாதிரி இருக்கு. ஏன் சார்?"

அந்த மூணைப் பத்தித்தான் இந்தப் பதிவு. அதுக்கப்புறம் இன்னொரு மார்க்கைப் பத்தியும். அது கொஞ்சம் உறுத்தலான சமாச்சாரம், கடைசில சொல்றேன்.

நீல் யங் கனடாக்காரர். ஒரு கிடார், ஒரு மவுத்தார்கன், மெல்லிசா உசந்து நிக்கிற ஒரு குரல். 1972ல வந்த 'ஹார்வெஸ்ட்' கேட்டிருந்தீங்கன்னா ஆள் யாருன்னு தெரியும். அந்தக் குரலுக்காகத்தான் அவரைக் கேப்பாங்க. அந்த மனுஷன் பத்து வருஷம் கழிச்சு ஒரு ஆல்பம் போடுறாரு. மொத்தம் 9 பாட்டு, அதுல 6 பாட்டுல குரலை வோகோடர்ங்கிற மெஷினுக்குள்ள விட்டுட்டாரு. நாம பேசுறதோட அசைவை எடுத்து சிந்தசைசர் சத்தத்துக்கு மாட்டி விடுற மெஷின் அது. ஏதோ சொல்ல வர்றாருன்னு தெரியுது, என்ன சொல்றாருன்னு புரியலை. நான் மட்டும் இல்ல, அப்போ அவரோட ரசிகர்கள்ல நெறைய பேரு அப்படியே தான் திகைச்சுப் போனாங்க.

அடுத்த வருஷமே இன்னொரு கூத்து. 1983ல 'எவ்ரிபடீஸ் ராக்கின்'னு 1950கள் பாணியில, அரை மணி நேரம்கூட ஓடாத ஒரு ஆல்பம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஜெஃபென் கம்பெனி அவர் மேலயே கேஸ் போட்டுச்சு. 33 லட்சம் டாலர் கேட்டு. குற்றச்சாட்டு என்னன்னா, இவரு 'நீல் யங் மாதிரி இல்லாத' பாட்டா கொடுக்குறாரு! அப்புறம் சமாதானமாப் போயிட்டாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரு கலைஞன் தன்னை மாதிரியே இல்லைன்னு அவன் மேலயே வழக்கு. என் எக்ஸெல் குறிப்பும் கிட்டத்தட்ட அதே வழக்குதான். நான் டாலர் கேக்கலை, அவ்ளோதான் வித்தியாசம்.

இதுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் பின்னணி எனக்குத் தெரிஞ்சுது. அவரோட பையன் 1978ல பொறந்தவன். பெருமூளை வாதம். பேச வராது. அந்தப் பையனோட எப்படிப் பேசுறதுங்கிறதுதான் அந்த ஆல்பத்துக்கு அடியில ஓடுற விஷயம்னு பின்னாடி அவரே சொல்லியிருக்காரு. மகன் சொல்ல வர்றது அப்பனுக்குப் புரியலை. அதே மாதிரி அப்பன் பாடுறது கேக்குறவனுக்குப் புரியலை. நான் "குரலே கேக்கல, ஏன் சார்?"னு கேட்டேன் பாருங்க, அந்தக் கேள்விதாங்க அந்த ஆல்பமே.

சத்தியமா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

உடனே ஷீட்டைத் திறந்து 3ஐ அழிச்சுட்டு 9 போட்டுடலாம்னு கை போச்சு. ஆனா என்டர் தட்டல. ஏன்னா மனசுல ஒரு சந்தேகம். எனக்கு ஆல்பம் பிடிச்சுதா, இல்ல கதை பிடிச்சுதா? கதை தெரியறதுக்கு முன்னாடி ஒலிச்ச அதே ஒலிதானே இப்பவும் ஒலிக்குது? ஒரு பைட்டுகூட மாறலையே?

இங்கதான் ரெண்டு கட்சி.

முதல் கட்சி சொல்றது: "எனக்குப் பிடிச்சா நல்ல ஆல்பம், பிடிக்கலைன்னா இல்ல. காது என்னுது, நேரம் என்னுது. கலைஞன் மனசுல என்ன நெனச்சான்னு தோண்டுறது என் வேலை இல்ல."

ரெண்டாவது கட்சி சொல்றது: "உனக்குப் பிடிக்குதா இல்லையான்னு யாரு கேட்டா? அவன் என்ன செய்ய நெனச்சான், அதைச் செஞ்சானா? அதைப் பாரு. உன் ருசியை மூட்டை கட்டி வெளிய வெச்சுட்டு வா."

ரெண்டுமே கேக்க நல்லாத்தான் இருக்கு. ரெண்டையும் முழுசா நம்பினா ரெண்டுமே கவுத்து விட்டுடும்.

ரெண்டாவது கட்சியை முதல்ல எடுத்துக்குவோம். லூ ரீட்னு ஒருத்தர். 1975ல 'மெட்டல் மெஷின் மியூசிக்'னு ஒரு இரட்டை இசைத்தட்டு போட்டாரு. நாலு பக்கம், ஒவ்வொண்ணும் பதினாறு நிமிஷம் சொச்சம். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது, குரல் கிடையாது. கிடாரை ஆம்ப்ளிஃபயர் முன்னாடி நிறுத்தினா 'கீ...'ன்னு ஊளையிடும் இல்லையா, அது. முழுக்க அது மட்டும். இரைச்சலால ஒரு ஆல்பம் பண்ணணும்னு நெனச்சாரு, நெனச்சதை நூத்துக்கு நூறு செஞ்சு முடிச்சாரு. நோக்கத்தை மட்டும் வெச்சு மார்க் போடணும்னா பத்துக்குப் பத்து போடணும். போடுவீங்களா? நான் ஹெட்ஃபோன்ல நாலு நிமிஷம் தாண்டலை. ரூம்மேட் எழுந்து வந்து ஃபேன் பேரிங் போயிடுச்சான்னு பார்த்தான்.

ஆனா கதை அதோட முடியலை. 2002ல ஜெர்மனில ஒரு இசைக்குழு அந்த இரைச்சலை வயலின், செல்லோ, ஊதுகருவின்னு நெசமான வாத்தியங்களுக்குப் பிரிச்சு எழுதி மேடையில வாசிச்சுது. லூ ரீடும் கூட நின்னு வாசிச்சாரு. அதாவது உள்ள ஒண்ணுமே இல்லாத இரைச்சல் இல்ல அது, உக்காந்து கேட்டவங்களுக்கு உள்ள ஏதோ இருந்திருக்கு. எனக்கு இன்னமும் அது பிடிக்கலை. ஆனா "சும்மா ஏமாத்துறான்"னு சொல்ற உரிமை எனக்குப் போயிடுச்சு.

இப்போ முதல் கட்சி. பிட்ச்ஃபோர்க்னு அமெரிக்காவுல ஒரு இசை விமர்சனத் தளம். பத்துக்கு மார்க் போடும், அதுவும் தசமப் புள்ளி வெச்சு! 2003ல லிஸ் ஃபேர்ங்கிற பாடகியோட ஆல்பத்துக்கு அவங்க போட்ட மார்க் 0.0. பூஜ்யம். அவங்க 1993ல போட்ட முதல் ஆல்பம் கரடுமுரடா, வீட்டுல ரெக்கார்ட் பண்ணின மாதிரி இருக்கும். விமர்சகர்கள் தலையில தூக்கி வெச்சு ஆடினாங்க. பத்து வருஷம் கழிச்சு அவங்க ரேடியோவுல ஓடுற மாதிரி பளபளன்னு ஒரு பாப் ஆல்பம் பண்ணணும்னு முடிவு பண்ணினாங்க. அவ்ரில் லவினுக்கு ஹிட் கொடுத்த டீமோடயே சேர்ந்து பண்ணினாங்க. ஒளிச்சு மறைச்சு எல்லாம் இல்ல, வெளிப்படையா. அதுக்குத்தான் பூஜ்யம். பழைய லிஸ் ஃபேரா இல்லைன்னு பூஜ்யம். மறுபடியும் அதே நீல் யங் வழக்கு!

அந்த விமர்சனத்தை எழுதினவரே 2019ல மன்னிப்பு கேட்டுட்டாரு. 2021ல பிட்ச்ஃபோர்க் பழைய மார்க்குகள்ல 19ஐத் திருத்தினப்போ அந்த 0.0 என்பது 6.0 ஆச்சு. டாஃப்ட் பங்கோட 'டிஸ்கவரி'க்கு முன்னாடி போட்ட 6.4 முழுசா 10 ஆச்சு. ஆல்பம் எதுவும் மாறலை. கேட்ட காதுதான் மாறுச்சு. தசமப் புள்ளி வரைக்கும் துல்லியமாச் சொன்ன விஷயம், பதினெட்டு வருஷத்துல ஆறு மார்க் தள்ளாடுதுன்னா அது அளவுகோலா, இல்ல அன்னிக்கு இருந்த மூடா?

இவ்ளோ தூரம் வெளிநாட்டுக் கதையாச் சொல்லிட்டேன். வீட்டுக்குள்ளயும் இது நடந்துதான் இருக்கு. எங்கப்பா ராஜா வெறியர். வீட்டுல கேசட் அடுக்கி வெச்சிருப்பாரு. அதுல 1986ல வந்த 'ஹவ் டு நேம் இட்'டும் ஒண்ணு. பத்தாவது படிக்கிறப்போ போட்டுக் கேட்டேன். "என்னப்பா, பாட்டே வரலையே, பிஜிஎம்மா ஓடிட்டு இருக்கு"ன்னேன். அப்பா சிரிச்சுட்டு, "நானும் வாங்கின அன்னிக்கு அதான் சொன்னேன்"னாரு.

சினிமா பாட்டை எதிர்பார்த்து வாங்கின கேசட். ஆனா ராஜா அதைத் தியாகராஜருக்கும் பாஃகுக்கும் காணிக்கையாப் பண்ணினாரு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல சந்திச்சா எப்படி இருக்கும்னு ஒரு கற்பனை. பாஃகோட வயலின் இசை ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்க, நம்ம ஊரு இசை அதுகூட வந்து பேச்சுக் கொடுக்கும். வி.எஸ்.நரசிம்மன் வயலின். பாட்டு எங்கேன்னு தேடுறவனுக்கு இது எதுவும் காதுல விழாது. அப்பாவுக்கு எப்போ பிடிச்சுதுன்னு கேட்டேன். "பாட்டு வராதுன்னு மனசு ஒத்துக்கிட்ட அன்னிக்கு"ன்னாரு. எந்த விமர்சகனும் எனக்கு இதை இவ்ளோ சுருக்கமாச் சொன்னதில்லை.

'இருவர்' (1997) ஆல்பமும் இப்படித்தான். அந்தக் காலத்து ரஹ்மான் துள்ளலை எதிர்பார்த்துக் கேட்டா பாதி பாட்டு பழைய வானொலி மாதிரி இருக்கும். படம் எம்.ஜி.ஆர்-கருணாநிதி சாயல்ல பல பத்தாண்டுகளைத் தாண்டிப் போற கதை, அதனால ஒவ்வொரு பாட்டும் அந்தந்தக் காலத்துச் சட்டையைப் போட்டுக்கிட்டு வருதுன்னு தெரிஞ்சப்புறம் கேட்டா வேற ஆல்பம். 'பழசா இருக்கு'ன்னு நான் குறைச்ச அரை மார்க்கு, அவர் வேணும்னே உழைச்சுக் கொண்டு வந்த பழசுக்கு.

சரி, இப்போ நம்ம பொட்டி தட்டுற பாஷைக்கு வருவோம். டெஸ்டிங்ல ரெண்டு வார்த்தை உண்டு. வெரிஃபிகேஷன், வேலிடேஷன். சொன்னபடி கட்டியிருக்கோமாங்கிறது முதலாவது. வேணுங்கிறதைத்தான் கட்டியிருக்கோமாங்கிறது ரெண்டாவது. ஸ்பெக்குல இருக்கறதை அட்சரம் பிசகாம செஞ்சு கொடுத்தும் க்ளையன்ட் முகத்தைச் சுளிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதே மாதிரி டெஸ்டர் பக்குனு போடுவான், டெவலப்பர் 'அது அப்படித்தான் டிசைன்'னு மூடுவான். ரெண்டு பேரும் பொய் சொல்லலை. வேற வேற கேள்விக்குப் பதில் சொல்றாங்க. ஆல்பத்துக்கு மார்க் போடுறப்போ நாம ரெண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே நம்பரைப் போட்டுடுறோம். சண்டையே அங்கதான் ஆரம்பிக்குது.

ஒரு நம்பர் என்ன செய்யும்னு எனக்கு நல்லாத் தெரியும். முன்னாடி இருந்த கம்பெனில ஆறு மாசம் ஒரு பழைய கோடை சுத்தம் பண்ணினேன். அடிக்கடி நடுராத்திரில படுத்துக்குற சிஸ்டம். என் குறிக்கோளே 'இனிமே எதுவும் நடக்கக் கூடாது'ங்கிறதுதான். எதுவும் நடக்கலை. அப்ரைசல்ல மேனேஜர் அஞ்சுக்கு மூணு போட்டுட்டு, "கண்ணுக்குத் தெரியற மாதிரி இந்த வருஷம் ஒண்ணும் பண்ணலையேப்பா"ன்னாரு. வயிறு எரிஞ்சுது. கோவம் மூணு மார்க்குனால இல்ல. என்ன செய்ய நெனச்சேன்னு ஒரு வார்த்தை கேக்கலையேன்னு.

அப்படி எரிஞ்ச அதே ஆளு, அடுத்த வருஷமே என்ன பண்ணினான்னு கேளுங்க. நான் சொன்ன அந்த உறுத்தல் இதுதான்.

காலேஜ்ல கூடப் படிச்சவன், திருநெல்வேலிக்காரன். ராத்திரில கிடார் தட்டுற கோஷ்டி. 2021ல ஊரடங்குல வீட்டுல இருந்தப்போ ஆறு பாட்டு சேர்த்து ஒரு சின்ன ஆல்பம் பண்ணி எங்க நாலஞ்சு பேருக்கு மட்டும் அனுப்பினான். அவங்க ஆச்சிக்கு ஞாபகம் தப்பிக்கிட்டு இருந்த நேரம். பேரனோட பேரு மறந்து போச்சு, தாலாட்டு மட்டும் மறக்கலை. அதைப் போன்ல பதிவு பண்ணி, அதைச் சுத்தித்தான் ஆறு பாட்டும். எனக்கு அது தெரியாது. நான் கேட்டதெல்லாம் ஃபேன் சத்தம், பாத்திரம் உருட்டுற சத்தம், அதுக்கு நடுவுல கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஒரு முனகல். குரூப்ல எல்லார் முன்னாடியும் போட்டேன்: "ஐடியா ஓகே. ரெக்கார்டிங் படுமோசம். நாய்ஸ் க்ளீன் பண்ணுலே. 5/10." ஒரு சிரிப்பு பொம்மை வேற.

அவன் ஒண்ணும் சொல்லலை. ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணினப்போ சொன்னான். "க்ளீன் பண்ணித்தாம்லே பாத்தேன். ஃபேனு, அடுக்களை எல்லாத்தையும் எடுத்துட்டுக் கேட்டா அது எங்க ஆச்சி இல்ல, வெறும் சத்தம். அவ எங்க வீட்டுலல்லா இருக்கா?"

எனக்குப் பேச்சு வரலை. ஆச்சி மறுவருஷம் தவறிட்டாங்க. அதுக்கப்புறம் அவன் எங்க யாருக்கும் எதுவும் அனுப்பலை. என் அஞ்சு மார்க்குனாலதான்னு சொல்லிட முடியாது. இல்லைன்னும் என்னால சொல்ல முடியலை.

போன வருஷம் அந்த ஆறு பாட்டையும் மறுபடி உக்காந்து கேட்டேன். உடனே பத்து போட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. அது அவனுக்கு நான் பண்ற இன்னொரு அவமானம். நாலு பாட்டு ஆளையே உலுக்கிடுச்சு. அந்த அடுக்களைச் சத்தம்தான் தாளம்னு அப்பத்தான் உறைச்சுது. ரெண்டு பாட்டு இப்பவும் இழுவைதான். அவன் கிடாரு ஆச்சி குரலுக்கு மேல ஏறிக்கிட்டு நிக்குது. நேரா ஊருக்குப் போய் இதையே அவன்கிட்ட சொன்னேன். "ஆச்சி கேக்கணும்னுதானே பண்ணின? அந்த ரெண்டுல நீதாம்லே கேக்குற"ன்னேன். ஒண்ணை ஒத்துக்கிட்டான். இன்னொண்ணுக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் சண்டை போட்டான். சந்தோஷமா இருந்துச்சு. அஞ்சு மார்க்குக்கு அவன் சண்டை போடலை பாருங்க. நம்பர்கிட்ட எப்படிச் சண்டை போடுறது?

இதுலேர்ந்து நான் புரிஞ்சுக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். நோக்கத்துக்கு மார்க் கிடையாது. ஆனா நோக்கத்துக்கு இன்னொரு தடவை கேக்குறது உண்டு. காதுல ஏதாவது உறுத்துச்சுன்னா மார்க்கைக் குறைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: இது தவறி நடந்ததா, தெரிஞ்சே செஞ்சதா? தெரிஞ்சு செஞ்சதுன்னா எதுக்காகங்கிறதை மனசுல வெச்சுக்கிட்டு மறுபடி ஒரு தடவை. அப்பவும் ஒட்டலையா, தாராளமா 'எனக்கு ஒட்டலை'ன்னு சொல்லலாம். ருசியை மூட்டை கட்டி வெளிய வெக்க முடியாது, அது இல்லாம கேக்கவும் முடியாது. ஆனா 'எனக்கு ஒட்டலை'ங்கிறதை 'அவனுக்கு வரலை'ன்னு மாத்தி எழுதக் கூடாது. நான் ஷீட் முழுக்க பண்ணினது அதைத்தான்.

"அப்போ ஆல்பத்தோட ஒரு விளக்க நோட்டீசும் கொடுக்கணுமா? கதை தெரிஞ்சாத்தான் ரசிக்க முடியும்னா அது தோல்விதானே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. எனக்கும் இருந்துச்சு. பதில் 'ட்ரான்ஸ்'லயே கிடைச்சுது. அதுல வர்ற 'ட்ரான்ஸ்ஃபார்மர் மேன்' பாட்டை நீல் யங் 1993ல வந்த 'அன்ப்ளக்ட்' ஆல்பத்துல மெஷின் இல்லாம, சொந்தக் குரல்ல பாடியிருக்காரு. கேட்டுப் பாருங்க. அவ்ளோ மெல்லிசான, அவ்ளோ வாஞ்சையான ஒரு மெட்டு. அதைக் கேட்டுட்டு 1982க்குத் திரும்பிப் போனா, அதே மெட்டு அந்த ரோபோ குரலுக்கு அடியில மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு. கதை வெளியிலேர்ந்து கொண்டு வந்து ஒட்டினது இல்ல. உள்ளயேதான் இருந்திருக்கு. நான்தான் ஒரே தடவை கேட்டுட்டு மூணு போட்டுட்டேன். உள்ள அப்படி ஒண்ணும் கேக்கலைன்னா, எவ்ளோ உருக்கமான கதையா இருந்தாலும் சரி, மார்க்கைத் தொடாதீங்க.

இப்போ ஷீட்டுல ரெண்டு காலம் சேர்த்திருக்கேன். 'என்ன செய்யப் பாத்தாங்க', 'எனக்கு எப்படி இருந்துச்சு'. ரெண்டும் நம்பர் இல்ல, வாக்கியம். ரொம்ப மெதுவாப் போகுது. அறுநூறுல நாப்பதுதான் முடிஞ்சிருக்கு. 'ட்ரான்ஸ்'க்கு முதல் காலத்துல "பேச முடியாதவனோட பேச"ன்னு எழுதினேன். ரெண்டாவதுல "பாதி புரிஞ்சுது"ன்னு. பழைய 3ஐ அழிக்கலை. அது அப்படியே இருக்கட்டும். அது ஆல்பத்தோட மார்க் இல்ல, என்னோடது.

டிஸ்கி: நண்பன் இந்தப் பொங்கலுக்குப் புதுசா ஒரு பாட்டு அனுப்பினான். எத்தனைன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன் :-)

நீங்க மார்க்கை மாத்தின ஆல்பம் எது, எதுனால மாத்தினீங்கன்னு சொல்லிட்டுப் போங்க மக்களே.